அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்தது யார் தவறு? முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: குன்னூரில் தனியாக இருந்த அம்மா, வயது 78, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதினொன்றாம் நாள் வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போது பார்த்தால், பின்பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து புண். இது யார் தவறு? மகன் பெங்களூரில் வேலை பார்ப்பதால், கோத்தகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சில மாதம் அம்மாவை விட நினைக்கிறார். அங்கேயும் இப்படி ஆகாமல் இருக்க அவர் என்ன பார்க்க வேண்டும்?

நான் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். அதில் பெரும்பகுதி நீலகிரியில்தான், கடைசி ஆறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் புண்ணைப் பார்ப்போம், தவறு செய்தவரை அப்புறம் தேடலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது இரண்டாம் நிலைப் புண் போலத் தெரிகிறது. முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது, சிவந்து மட்டும் இருக்கும். சதை கெடாமல் இருந்தால், விரலால் அழுத்தி எடுத்ததும் அந்த இடம் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் அதுதான் முதல் நிலை, உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது; சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும். மூன்றில் குழி விழுந்து கொழுப்பு தெரியும். நான்கில் தசையும் எலும்பும் தெரியும். இரண்டில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். நான்காம் நிலைக்குப் போனால் மாதக்கணக்கு, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

இந்தப் புண் எப்படி வருகிறது என்பது தெரிந்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடுகிறது. வால் எலும்புப் பக்கம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, இந்த மூன்று இடங்களில்தான் அதிகம். இன்னொரு காரணம் இழுபடுவது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் உடம்பு மெதுவாகக் கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் கீழே போகும். நடுவில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும். உள்ளே கெட்டுப்போனது வெளியே தோலில் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

இப்போது உங்கள் அம்மாவின் பயணத்தை மணி கணக்குப் போட்டுப் பாருங்கள். விழுந்த பிறகு ஈரத் தரையில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தனியாக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அப்புறம் ஆம்புலன்ஸ். குன்னூரிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர், அதில் பர்லியார் வழியாகக் கல்லாறு இறங்கும்வரை வளைவுக்கு மேல் வளைவு. குறுகலான ஸ்ட்ரெச்சரில், உடைந்த இடுப்போடு, அசைந்தால் உயிர் போகிற வலியில் படுத்திருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் இப்படி அப்படிச் சறுக்கிக்கொண்டே போவார். இறங்கியதும் கேஷுவாலிட்டி டிராலி, எக்ஸ்ரே மேஜை, ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு நாளோ இரண்டு நாளோ, அப்புறம் ஆபரேஷன் மேஜை. வார்டு சிஸ்டர் அவரை முதன்முதலாகப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் புண் விதைக்கப்பட்டிருக்கலாம்.

அதனால் வார்டின் மேல் தவறில்லை என்று நான் சொல்லவில்லை. சேர்ந்த அன்றைக்கே தலை முதல் கால்வரை தோலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததற்கு ஒரு சார்ட் இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று புண் இருப்பதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றாவது நடக்காததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. புண் வருவதைச் சில நேரம் தடுக்க முடியாது. புண் இருப்பதைச் சொல்லாமல் அனுப்புவதைக் கண்டிப்பாகத் தடுக்கலாம்.

யார் தவறு என்ற கேள்விக்கு என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2003-இல் ஒரு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் இரவு டூட்டி. அன்று ஒரே வார்டில் இரண்டு லட்சுமியம்மா. ஒருவர் பக்கத்து ஹட்டியை (படுகர் கிராமம்) சேர்ந்த படுகர் பாட்டி, நிமோனியாவுக்காகச் சேர்ந்தவர். மற்றவர் எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பு) இருந்து வந்தவர், சர்க்கரை நோயாளி. சாயங்காலம் ஜன்னல் ஓரம் குளிர்கிறது என்று நிமோனியா பாட்டியை உள்பக்கக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் ஓவர் கொடுக்கும்போது அதைச் சொல்லவில்லை. (டூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை நாங்கள் ஓவர் கொடுப்பது என்போம்.) மழை, கரண்ட் இல்லை, கையில் டார்ச். நான் கட்டிலருகே போய், "லட்சுமியம்மாதானே?" என்று கேட்டேன். பாட்டி "ஆமாம்மா" என்றார். சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் எழுதுவார்களே, கிளிபென்கிளமைட், அதுதான்.

விடியற்காலை நாலரை மணிக்குப் பாட்டிக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. குளிர்கால ஊட்டிப் பக்கத்தில் விடியற்காலையில் ஒருவருக்கு வேர்த்தாலே நர்ஸ் நின்று பார்க்க வேண்டும். கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஊசி போட்டதும் கண் திறந்தார். ஆனால் அந்த மாத்திரை வயதானவர்கள் உடம்பில் சீக்கிரம் அடங்காது என்பதால் அடுத்த நாள் முழுக்க டிரிப்ஸில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். எனக்கு மெமோ வந்தது. கட்டில் மாற்றியவருக்கு வரவில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்ட வேண்டும் என்ற வழக்கம் அங்கே வரவும் இல்லை. நான்தான் தவறு செய்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னைத் தண்டித்ததோடு விஷயம் முடிந்துவிட்டதால், அடுத்த லட்சுமியம்மாவுக்கு அந்த வார்டு எந்தப் பாதுகாப்பும் செய்து வைக்கவில்லை.

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதற்குத் துளை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை உவமையாகச் சொன்னார். நமக்குச் சல்லடை போதும். நாலு சல்லடையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் தானிய மணி கீழே விழுவது கஷ்டம். நாலிலும் துளை நேராக அமைந்தால் விழும். கட்டில் மாறியது, சொல்லாமல் விட்டது, கரண்ட் போனது, நான் கேட்ட விதம், நாலும் அன்றைக்கு ஒரே நேர்கோட்டில் வந்தன.

நான் கேட்ட விதம் என்று சொன்னேனே, அதை மட்டும் கவனியுங்கள். "லட்சுமியம்மாதானே?" என்று கேட்டால் காது மந்தமானவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், மொழி புரியாதவர் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். அவர்தான் சொல்ல வேண்டும். பெயரோடு இன்னொன்றும், பிறந்த தேதியோ நோயாளி எண்ணோ, ஒத்துப்போக வேண்டும். கட்டில் எண் அதில் சேராது. ஆபரேஷன் தியேட்டரிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. யார் நோயாளி, எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று கத்தி வைக்கும் முன் எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு ஊர் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. ஒரு தாளும் வாய்ப்பேச்சும்தான்.

அதே நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு சிகிச்சையாலேயே ஏதோ ஒரு கெடுதல் நேர்கிறது. அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது. என் அனுபவத்தில் அந்தத் தவிர்க்கக்கூடியதில் பெரும்பகுதி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோயாளி மாறும் இடத்தில்தான் நடக்கிறது. டூட்டி மாறும்போது, வார்டு மாறும்போது, மலையிலிருந்து கீழே போகும்போது, கீழேயிருந்து மேலே வரும்போது. உங்கள் அம்மா இரண்டு வாரத்தில் வீடு, ஆம்புலன்ஸ், மருத்துவமனை, மறுபடி வீடு என்று கை மாறியாயிற்று. இப்போது இல்லம். நீங்கள் கவனம் வைக்க வேண்டியது இந்த மாறும் இடத்தில்தான்.

இல்லத்துக்குப் போகும் முன் ஒரு மாலை உட்கார்ந்து மாத்திரைகளையெல்லாம் மேஜையில் கொட்டுங்கள். பழைய பிஸ்கட் டப்பாவில் இருப்பது, கைப்பையில் இருப்பது, தலையணைக்கடியில் இருப்பது, எல்லாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வையுங்கள். கோவை டாக்டர் எழுதிய புது பிரஷர் மாத்திரையும், குன்னூரில் அம்மா பல வருடமாகச் சாப்பிடும் பழைய பிரஷர் மாத்திரையும் வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு, காலையில் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழுந்தவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அட்டையில் பெரிதாக அச்சடித்த பெயரைப் பார்க்காதீர்கள், அதன் அருகே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். புரியவில்லையென்றால் மருந்துக் கடையில் டப்பாவோடு போய் நில்லுங்கள். எதை நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். சம்மரியில் புதிதாகச் சேர்த்தது இருக்கும், நிறுத்தியது பெரும்பாலும் இருக்காது.

இடுப்பு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். சிலருக்கு 35 நாள் வரை தொடர வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி வாசலோடு அது நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது. எத்தனை நாள், இனிமேல் யார் போடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலில் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம், 108.

அம்மாவுக்கு இன்சுலின் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் வகையும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் எழுதியதைப்போல இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மாற்றி எடுத்தால் பாதிகூடப் போகாது. டவுனில் உள்ள கடையில் சிவப்பு மூடி தீர்ந்துபோனால் "இதுவும் இன்சுலின் ஊசிதான்" என்று ஆரஞ்சைக் கொடுத்துவிடுவார்கள். மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் ஒரே பையில் போட்டு, மேலே 40 அல்லது 100 என்று மார்க்கரில் எழுதி இல்லத்தில் கொடுங்கள். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவராக இருந்தாலும் இதே எச்சரிக்கை: அது வாரத்தில் ஒரே நாள் மாத்திரை. தினசரி டப்பாவில் தவறிப் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதுங்கள்.

சரி, இல்லத்தைப் பார்க்கப் போகிறீர்கள். காலை பதினொரு மணிக்கு, முன்னாடியே போன் செய்துவிட்டுப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். ரோஜாச் செடி, தேயிலைச் சரிவு, வெயில் காயும் பாட்டிகள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள், சாப்பாடு கொடுக்கும் நேரத்தில். படுத்தபடியே யாருக்காவது ஊட்டுகிறார்களா என்று பாருங்கள். படுத்தவர் வாயில் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நிமோனியாவுக்கு அதைவிட நேர்வழி இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். மூக்கு வழி டியூப்பில் கொடுத்தாலும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் நேரே கேளுங்கள்: "இங்கே கடைசியாக விழுந்தவர் யார், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?" இங்கே யாரும் விழுந்ததே இல்லை என்று சொல்லும் இல்லத்தை நான் நம்ப மாட்டேன். வயதானவர்கள் இருக்கும் இடத்தில் விழத்தான் செய்வார்கள். "போன மாதம் ஒரு தாத்தா ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்தார், அதற்கப்புறம் அந்த வழியில் சின்ன லைட் போட்டோம், படுக்கும் முன் எல்லோரையும் ஒருமுறை அழைத்துப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கே சேர்த்துவிடுங்கள், சுவரில் பெயின்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். கூப்பிட மணி இருக்கிறதா, அது கைக்கு எட்டுமா, அழுத்தினால் யாராவது வருகிறார்களா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள். கட்டில் உயரம் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும்படி இருக்க வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் மூடுபனி உள்ளேயே வந்து சிமெண்ட் தரை வேர்த்துக் கிடக்கும். கம்பளிச் சாக்ஸோடு அதில் நடந்தால் வழுக்கும். அடியில் பிடிப்புள்ள, குதிகால் மூடிய செருப்பு வாங்கிக் கொடுங்கள். படிக்கும் கண்ணாடியும் காது மெஷினும் கூடவே போகட்டும். அவை இல்லாமல் புது இடத்தில் ராத்திரி விழிக்கும் முதியவர் குழம்பிப் போவார், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்து நடப்பார். அப்படிக் குழம்பியவரைக் கட்டிலோடு கட்டி வைப்பதும், தூக்க மாத்திரை கொடுத்து அமுக்குவதும் சில இடங்களில் வழக்கம். கட்டினால் விழுவது குறையும் என்று நினைப்பது தவறு. இழுத்துக்கொண்டு இன்னும் மோசமாக விழுவார்கள், படுக்கைப் புண்ணும் கூடும். தூக்க மாத்திரை எழுதினால் யார் எழுதினார்கள், எதற்கு, எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மலைக்கே உரிய சில விஷயங்களைச் சமவெளி டாக்டர்கள் சொல்ல மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர்ப் பை. சர்க்கரை நோயாளிக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. கம்பளிக்குள் காலடியில் வைத்த வெந்நீர்ப் பை காலையில் பார்த்தால் தோலை வேக வைத்திருக்கும். படுக்கும் முன் படுக்கையைச் சூடாக்கட்டும், ஆள் படுத்ததும் எடுத்துவிட வேண்டும். அடுத்தது கரி அடுப்பு. ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கணப்பு வைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இப்படிச் செத்தவர்கள் இந்த மலையில் உண்டு. இல்லத்தில் படுக்கையறைகளை எப்படிச் சூடாக்குகிறார்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷினும் இங்கே சில நேரம் ஏமாற்றும். விரல் ஜில்லென்று இருந்தால் குறைவாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இவ்வளவு உயரத்தில் நல்ல நுரையீரலுக்கே ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். அதே நேரம், பல வருடம் விறகுப் புகையும் பீடிப் புகையும் பட்டு நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பதும் கெடுதல்தான். அவர்களுக்கு டாக்டர்கள் பொதுவாக ஆக்சிஜன் அளவை 88-க்கும் 92 சதவீதத்துக்கும் நடுவில் வைக்கச் சொல்வார்கள்.

இன்னொன்று தண்ணீர். குளிரில் வயதானவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்ற பயம் வேறு. விளைவு: மூத்திரத்தில் தொற்று, மலச்சிக்கல், தலைசுற்றல், குழப்பம். பகலில் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கை கழுவுவதிலும் குளிர் குறுக்கே நிற்கும். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் ஊசி மாதிரி குத்தும்போது ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் ஆயாம்மா கை கழுவ மாட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை, நானே கழுவாமல் போயிருக்கிறேன். ஒவ்வொரு அறை வாசலிலும் ஆல்கஹால் கைத்தேய்ப்பு பாட்டில் இருந்தால் 20, 30 விநாடியில் வேலை முடிந்துவிடும். பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அழுத்தினால் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.

மொழியையும் கொஞ்சம் யோசியுங்கள். படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் கலந்த ஊர் இது. பார்த்துக்கொள்ளும் பெண்கள் சில இடங்களில் வடக்கேயிருந்து வந்தவர்கள். வலிக்கிறது, மூத்திரம் வருகிறது, குளிர்கிறது, தண்ணீர் என்ற நாலு சொல்லாவது அம்மாவின் பேச்சில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

இனி புண்ணுக்கு வருகிறேன். அம்மாவை மல்லாக்கப் படுக்க வைப்பதை முடிந்தவரை குறையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் திருப்ப வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதால் திருப்பும்போது இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை இருக்கட்டும், கால் மேல் கால் போக விடாதீர்கள். எந்தப் பக்கம் திருப்பலாம் என்று அறுவை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குதிகால் படுக்கையைத் தொடாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள், இருவர் விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்கார வைக்கும் பழக்கத்தை விடுங்கள். வளையத்தின் ஓரம் சுற்றிலும் அழுத்தி நடுவுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். மஞ்சள்தூள், பவுடர், ஸ்பிரிட் எதுவும் புண்ணில் வேண்டாம். சலைன் விட்டுக் கழுவி, நர்ஸ் சொல்லும் டிரஸ்ஸிங் போதும். முட்டை, பருப்பு, பால், மீன் என்று புரதம் சேர்த்துக் கொடுங்கள், வெறும் கஞ்சியில் புண் ஆறாது.

ஏர் பெட் வாங்கினால் நல்லதுதான். ஆனால் அதை வாங்கியதோடு திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். போதாததற்கு இங்கே ஜூலை மழையில் கரண்ட் போனால் பம்ப் நிற்கும், காற்று இறங்கும், அம்மா பலகை மேல் படுத்திருப்பார். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து மெத்தைக்கு அடியில், அவர் இடுப்புக்கு நேரே செருகிப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை.

மூத்திர டியூப் இன்னும் இருக்கிறதா? இருந்தால் தினமும் "இன்றைக்கு இது வேண்டுமா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். விரிப்பு நனையாமல் இருக்க வசதி என்பதற்காக அதை வைத்திருக்கக் கூடாது. பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படக் கூடாது.

மருத்துவமனையைக் கேள்வி கேட்க நினைத்தால், முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்கு விதிகளிலேயே இருக்கிறது. சேர்ந்த அன்று தோலைப் பார்த்த குறிப்பும் திருப்பிய சார்ட்டும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. என்னைக் கேட்டால், அதற்கு முன் அங்குள்ள நர்ஸிங் சூப்பரின்டென்டென்டுக்கு ஒரு கடிதம் எழுதி, என்ன மாற்றப் போகிறீர்கள் என்று கேட்பேன். அந்தப் பதில் வருகிறதா என்பதே நிறையச் சொல்லிவிடும். மருந்தால் ஏதாவது பாதிப்பு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே சொல்லலாம். இல்லத்தில் மோசமாக நடத்தினால் முதியோர் உதவி எண் 14567. புண்ணுக்கு வீட்டிலேயே நர்ஸ் தேவைப்பட்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இல்லத்தில் சேர்க்கும் அன்று அவசரமாகச் சாமான்களை இறக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். அங்குள்ள சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய், அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, இருவருமாகப் புண்ணைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். குதிகால் இரண்டையும் பாருங்கள். தேதி, நீளம், அகலம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை அதே மாதிரி ஒரு போட்டோ உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். புண் கறுத்தால், நாற்றம் வந்தால், சுற்றிலும் வீங்கிச் சிவந்தால், காய்ச்சலோ திடீர்க் குழப்பமோ வந்தால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடச் சொல்லி, உங்கள் எண்ணோடு, மலையிலேயே இருக்கும் ஒரு சொந்தக்காரர் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து சேர ஒரு நாள் ஆகும்.